இதற்கு வேறு சொல் இல்லையா

9 ஜூன்

தம்பிக்கு,

ஆறு தடவை போன் செய்தேன். ஆறு தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. ஏழாவது தடவை எடுத்தாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துத்தான் போட வேண்டும்; கிழிப்பதற்கு முன் ஒரு வரியாவது கண்ணில் படும் அல்லவா.

சிட்டு போன அன்று நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்தேன். நீ உன் கம்பெனி ஆட்களோடு நின்றுகொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து, "நீ இங்க நிக்க வேணாம், போயிடு" என்றாய். கத்தியிருந்தால் துக்கத்தில் பேசுகிறாய் என்று நினைத்திருப்பேன். நீ கத்தவில்லை. வழி கேட்ட ஆளுக்கு வழி சொல்வதுபோல் சொன்னாய். நான் போய்விட்டேன். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அவள் உனக்கு மனைவி. எனக்கும் அவள் யாரோ இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவையாவது கூப்பிடுவாள். "அக்கா, குட்டிக்கு வீட்டுப்பாடம். இந்த இடத்துல ஒத்தெழுத்து வருமா வராதா?" என்று சொல்லுக்குச் சொல் நிறுத்திக் கேட்பாள். பாதி நேரம் எனக்கே சந்தேகம் வந்துவிடும். அவளிடம் காட்டிக்கொள்ளாமல், "வரும், போடு" என்பேன்.

நான் என்ன செய்தேன் என்று நீ சொல்ல வேண்டும். தெரியாமல் தண்டனை அனுபவிப்பது கஷ்டமாக இருக்கிறது.

குட்டி சாப்பிடுகிறாளா? அவளுக்கு யார் தலை வாரிவிடுகிறார்கள்?

அக்கா

17 ஜூன்

அக்கா,

குட்டிக்கு நான்தான் தலை வாருகிறேன். வகிடு கோணலாக வருகிறது. ஏழு வயதுக்கு அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் என்னவோ செய்கிறது.

நீ என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறாய். கம்பெனி கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பிய்த்து வைத்திருக்கிறேன். ஏப்ரல் இருபதாம் தேதி போட்டது. அப்படியே எழுதுகிறேன்: "தற்போது காணப்படுவது பருவக் காய்ச்சலே. பொதுமக்கள் அஞ்ச வேண்டியதில்லை. வழக்கமான பணிகளைத் தொடரலாம்." நீ வேலை பார்க்கிற சுகாதார அலுவலகத்தின் முத்திரை கீழே இருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. எனக்குப் பெயர் தேவையில்லை. உங்கள் ஆபீஸில் வேறு யார் 'அஞ்ச' என்று எழுதுவார்கள்? மற்றவர்கள் எல்லாம் பயப்பட வேண்டாம் என்றுதான் எழுதுவார்கள்.

சிட்டுவும் கண்டுபிடித்துவிட்டாள். ஏப்ரல் இருபத்தேழாம் தேதி அவளுக்கு உடம்பு சுட்டது. காலையில் கேட்டில் நின்று அந்த நோட்டீஸை எனக்குப் படித்துக் காட்டினாள். "இது அக்கா எழுதினது. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தத் தையல் ஹாலில் நானூறு பேர். மூன்று நாள் காய்ச்சலோடு காலர் தைத்தாள். நாலாம் நாள் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினேழு நாள் இருந்தாள்.

எங்கள் ஹாலில் மட்டும் பத்தொன்பது பேர் போய்விட்டார்கள் அக்கா. பருவக் காய்ச்சலில்.

அந்த நோட்டீஸுக்காக உங்கள் ஆபீஸ் டாக்டர் எழுதிக் கொடுத்த அறிக்கையில் என்ன வார்த்தை இருந்தது? அதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

25 ஜூன்

தம்பிக்கு,

கையெழுத்துப் போடாமல் அனுப்பியிருக்கிறாய். பரவாயில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் சும்மா ஒரு வார்த்தையைச் சொன்னால் உனக்குத் தப்பாகப் புரியும். விளக்கமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

எங்கள் ஆபீஸில் நோய்களைக் கணக்கெடுக்க ஒரு டாக்டர் இருக்கிறார். கட்டம் போட்ட நோட்டில், ஒரு நோயாளிக்கு ஒரு கட்டம் என்று பென்சிலால் நிரப்புவார். அதனால் அவருக்குக் கட்டம் டாக்டர் என்றே பெயர். அவர் எழுதுவதை எல்லோருக்கும் புரிகிற மாதிரி மாற்றி எழுதுவது என் வேலை. பதினோரு வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

தொற்றுநோய் என்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுகிற எந்த நோயும். சாதாரண சளிகூடத் தொற்றுதான். அது எப்போதும் எங்காவது இருந்துகொண்டே இருக்கும். கொள்ளைநோய் என்பது வேறு. நிறையப் பேர் செத்தால்தான் கொள்ளைநோய் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டம் டாக்டர்தான் திருத்தினார். "சாவைப் பாத்து வைக்கிற பேரு இல்லம்மா அது. இந்த இடத்துல, இந்த மாசத்துல, வழக்கமா எத்தனை பேருக்கு வரும்? அதைத் தாண்டிப் போயிடுச்சா? தாண்டிட்டா அதுதான் கொள்ளைநோய்." பெருந்தொற்று என்றால் அதுவே எல்லை தாண்டி நாடு நாடாகப் போவது. இந்த மூன்றையும் பத்திரிகைக்காரர்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். நான் குழப்பியதில்லை.

ஏப்ரலில், உங்கள் ஊரும் சேர்ந்த எங்கள் பகுதியில் வழக்கமாகப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேருக்கு அந்த மாதிரி காய்ச்சல் வரும். பத்தொன்பதாம் தேதி அவர் நோட்டில் நூற்று நாற்பத்து மூன்று கட்டம் நிரம்பியிருந்தது. அறிக்கையில் அவர் கொள்ளைநோய் என்று எழுதியிருந்தார்.

அந்த வார்த்தை எங்கள் நோட்டீஸில் வந்துவிட்டால் ஒரு விதி இருக்கிறது. ஐம்பது பேருக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிற இடத்தை எல்லாம் பதினான்கு நாள் மூட வேண்டும். மேலதிகாரி அதற்குச் சம்மதிக்கவில்லை. ஜனங்கள் பீதியில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடுவார்கள், அதில் இன்னும் பரவும் என்றார். அவர் சொன்னதை நான் தட்டச்சு செய்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அக்கா

3 ஜூலை

அக்கா,

பாடம் நன்றாக நடத்தியிருக்கிறாய். இரண்டு தடவை படித்தேன்.

ஜனங்கள் அந்த வார்த்தையைக் கேட்டால் ஓடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். சிட்டு அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள். நூல் அறுந்தால் மெஷினைப் பார்த்து "கொள்ளையில போறதே" என்பாள். சூப்பர்வைசர் முதுகைத் திருப்பினால் அவனுக்கும் அதுதான். பக்கத்து மெஷின்காரி சிரிப்பாள். நான் ஸ்பேனரோடு போய் நின்றால், "வந்துட்டாரு மெக்கானிக்கு, இப்பத்தான் கொள்ளையில போகும் சரியா" என்று எனக்கும் ஒரு பங்கு கிடைக்கும். எங்கள் ஹாலில் எல்லோருக்கும் பழகின வார்த்தை. ஏசுவதற்குத்தான் பழகியிருந்தோம். நிஜமாகவே வந்தபோது யாராவது அதன் பேரைச் சொல்லியிருந்தால், ஓடியிருக்க மாட்டோம். வீட்டில் இருந்திருப்போம். அவ்வளவுதான்.

அவளுடைய இறப்புச் சான்றிதழில் 'காய்ச்சல்' என்று எழுதியிருக்கிறார்கள். பத்தொன்பது பேருக்கும் அதே. கம்பெனிக்காரர்கள் எங்கள் ஹாலில் எதுவுமே நடக்கவில்லை என்கிறார்கள். நாங்கள் விடவில்லை. இப்போது விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். டாக்டர் எழுதிய அறிக்கை வேண்டும். உங்கள் ஆபீஸில் கேட்டால் அப்படி ஒரு காகிதமே இல்லை என்று பதில் வருகிறது. உன்னிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்புப் பரீட்சைத் தாளைக்கூட எறியாதவள் நீ.

இன்னொன்று. போன வாரம் மாமா துக்கம் கேட்க வந்திருந்தார். நல்ல மனுஷர். டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "உங்க அக்கா எப்பவும் உஷாருப்பா. ஏப்ரல் இருபத்தொண்ணுலேருந்தே எங்க பெரியவனைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேணாம்னுட்டா." என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

நோட்டீஸ் போட்ட மறுநாள், உன் பிள்ளையை நீ வீட்டில் நிறுத்திக்கொண்டாயா? இதற்கு விளக்கம் வேண்டாம். ஆமாம் அல்லது இல்லை.

6 ஜூலை

ஆமாம்.

28 ஜூலை

தம்பிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் ஒரு வார்த்தையை எழுதிப்போட்டுவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. மீதியையும் எழுதுகிறேன்.

போன கடிதத்துக்கு முந்தினதில் ஒரு பொய் சொன்னேன். மேலதிகாரி சொன்னதைத் தட்டச்சு செய்தேன் என்று எழுதினேன். அப்படி நடக்கவில்லை.

ஏப்ரல் இருபதாம் தேதி மத்தியானம் அவர் அறைக்குள் நாங்கள் மூன்று பேர். கட்டம் டாக்டர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அந்த வார்த்தையிலிருந்து அசையவே இல்லை. "கட்டத்தை எண்ணிப் பாருங்க சார், எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியாது" என்றார். மேலதிகாரி கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். மேலே இருந்து அவருக்கு யார் யாரோ பேசியிருந்தார்கள். என் பக்கம் திரும்பி, "ஏம்மா, இதுக்கு வேற சொல் இல்லையா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். இன்ன வார்த்தையைப் போடு என்று அவர் சொல்லவில்லை.

பருவக் காய்ச்சல் என்று சொன்னது நான்.

யோசிக்கக்கூட இல்லை தம்பி. கேட்டவுடன் வாயில் வந்துவிட்டது. பதினோரு வருஷமாக யாராவது சொல் கேட்டால் நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் பழக்கம். அவர் முகம் தெளிந்தது. "இதுக்குத்தான் நீங்க வேணும்கறது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை உனக்கு எழுதாமல் விட்டால் மறுபடியும் பொய்யாகிவிடும். பெருமையாக இருந்தது. அஞ்ச வேண்டியதில்லை என்ற வரியை அவர் கேட்கவே இல்லை, வாக்கியம் மொட்டையாக நிற்கிறதே என்று நானாகச் சேர்த்தேன்.

டாக்டர் நோட்டை மூடிக்கொண்டு எழுந்துபோனார். போகும்போது என்னிடம், "பருவம்னா வந்துட்டுப் போறதும்மா" என்று மட்டும் சொன்னார்.

அறிக்கையைக் கிழித்துப்போடச் சொன்னார்கள். என் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வரும்போதே, பெரியவனை நாளையிலிருந்து அனுப்பக் கூடாது என்று தீர்மானித்துவிட்டேன். நான் எழுதினதை நானே நம்பவில்லை. ஊரை நம்பவைத்தேன்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. ஏப்ரல் இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் சிட்டு என்னைக் கூப்பிட்டாள். வழக்கம்போல் குட்டியின் வீட்டுப்பாடம். முடித்துவிட்டு, "அக்கா, எங்க லைன்ல நாலு பேரு வரல. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு. ஒரு வாரம் லீவு போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். அறிக்கை அலமாரியில் இருந்தது. கை நீட்டினால் எட்டும். இவளிடம் சொன்னால் நாளைக்கு ஹால் முழுக்கத் தெரியும், எங்கிருந்து வந்தது என்று தேடினால் என்னிடம் வந்து நிற்கும் என்று நினைத்தேன். அந்த ஒரு நொடியில் இவ்வளவும் நினைக்க முடிந்தது.

"பருவக் காய்ச்சல்தான்டி. தண்ணி நிறையக் குடி" என்றேன்.

"சரிக்கா" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

நீ வாசலில் என்னைப் போகச் சொன்னபோது, என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். தெரியாதவள் போல உனக்கு எழுதினேன்.

அக்கா

7 ஆகஸ்ட்

அக்கா,

அந்தப் போனைப் பற்றி எனக்குத் தெரியும். அன்றைக்கே சிட்டு என்னிடம் சொன்னாள். "அக்காகிட்ட கேட்டுட்டேன், ஒண்ணும் இல்லையாம்" என்றாள். நோட்டீஸுக்காக மட்டும் உன்னைப் போகச் சொல்லவில்லை. நோட்டீஸ் ஊருக்கு எழுதினது. அவள் உன்னைக் கேட்டாள்.

நீ அதை எழுதுவாயா மாட்டாயா என்று ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்தேன். முதல் மூன்றிலும் இல்லை. இனி வராது என்று முடிவுகட்டி, எழுதுவதையே விட்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தை மெஷின் ரிப்பேர் அறையில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் உன் மேல் கோபம் குறைந்ததா என்றால் இல்லை. கூடத்தான் செய்தது. ஆனால் வேறு ஒரு விஷயம் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. நீ இவ்வளவு எழுதின பிறகு நான் எழுதாமல் இருக்க முடியாது.

இருபத்தெட்டாம் தேதி காலை, காய்ச்சலின் இரண்டாம் நாள், அவள் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். "இன்னிக்கு மட்டும் விட்டுடுங்களேன்" என்றாள். ஹாலில் பாதி மெஷின் காலியாகக் கிடந்தது. ஆள் இல்லாமல் லைன் நிற்கிறது என்று சூப்பர்வைசர் என் தலையை உருட்டிக்கொண்டிருந்தான். "அக்காவே ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க, அப்புறம் என்ன?" என்று சொன்னது நான். அவளை வண்டியின் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டது நான். வழியெல்லாம் என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். சட்டைக்குமேல் அவள் நெற்றி சுட்டது எனக்குத் தெரிந்தது. வண்டியைத் திருப்பவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்மேல் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் என்மேல் ஒன்றும் இருக்காது என்று பார்த்தேன். சரிப்பட்டு வரவில்லை.

விசாரணை இருபத்தாறாம் தேதி. அறிக்கையைத் தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டுவா. எனக்கு எழுதினதை அங்கே சொல். எனக்குச் சொன்னால் நானும் நீயும் அழுவோம், அதோடு சரி. மீதிப் பதினெட்டு வீட்டுக்கும் தெரிய வேண்டும்.

வேலை போய்விடும் என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்துதான் கேட்கிறேன்.

தம்பி

1 செப்டம்பர்

தம்பிக்கு,

நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். குட்டியைக் கூட்டிவரவில்லை, நல்லது. நான் உள்ளே வரும்போதும் போகும்போதும் நீ தலைநிமிரவில்லை. ஆனால் நான் பேசும்போது நிமிர்ந்தாய். அதைப் பார்த்தேன்.

உன் காதில் விழாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். கம்பெனி வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்தபோது, பின்னால் இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னார்கள்.

அவர் சிரித்த முகத்தோடுதான் ஆரம்பித்தார். "அம்மா, நீங்க சொல்லுக்குப் பேர்போனவங்க. கொள்ளை அழகுன்னு சொல்றோம். கொள்ளை ஆசைங்கறோம். கொள்ளைன்னா நிறையன்னுதானே அர்த்தம்? அப்ப கொள்ளைநோய்னா, கொஞ்சம் நிறையப் பேருக்கு வந்த நோய். அவ்வளவுதானே? ஆளுக்கு ஆள் இழுத்துக்கற வார்த்தையை நம்பி ஒரு கம்பெனியை மூட முடியுமா?"

முன்வரிசையில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. பேச்சில் அந்த வார்த்தைக்கு அப்படி ஒரு புழக்கம் இருக்கத்தான் செய்கிறது. பழைய நானாக இருந்தால் அதை வைத்தே அரைமணி நேரம் பேசியிருப்பேன். அன்று எனக்கு வேறு பதில் இருந்தது.

"பேச்சுல இழுக்கலாம்ங்க. அறிக்கையில இழுக்க முடியாது. அங்க அதுக்கு ஒரே அர்த்தம்தான். வழக்கமா பதினஞ்சு பேரு. இந்த ஏப்ரல்ல நூத்தி நாப்பத்து மூணு. இது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் வேற வார்த்தை குடுத்தேன்" என்றேன்.

"யாரு குடுக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. இருக்கான்னு கேட்டாங்க. நான் குடுத்தேன்."

"உங்க வீட்டுல யாராவது அதை நம்பினாங்களா?"

மாட்டிவிட்டதாக நினைத்துத்தான் கேட்டார். "என் தம்பி பொண்டாட்டி நம்பினா" என்றேன். அவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

கட்டம் டாக்டரும் வந்திருந்தார். வாய்திறந்து ரொம்பப் பேசவில்லை. நோட்டை மேசைமேல் விரித்துவைத்தார். ஏப்ரல், மே, ஜூன். குழுத் தலைவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். மே மாதத்தில் சில கட்டங்களுக்குள் டாக்டர் சின்னதாகக் குறுக்குக் கோடு போட்டிருந்தார். அவை என்ன என்று தலைவர் கேட்டார். இறந்தவர்கள், இறந்த தேதியில் குறித்தது என்றார் டாக்டர். சிட்டு போன மே பதினேழில் மூன்று குறுக்குக் கோடுகள் இருந்தன. அதில் எது சிட்டு என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றும் ஒரே மாதிரி இருந்தன.

இடைநீக்கம் செய்து உத்தரவு கொடுத்துவிட்டார்கள். மேசையைக் காலிசெய்ய அரைமணி நேரம் ஆனது. பக்கத்து மேசைப் பெண் கூடவந்து பஸ் ஏற்றிவிட்டாள். எங்கள் தெருவிலும் இரண்டு பேர் அந்தக் காய்ச்சலில் போனார்கள். அந்த வீடுகளைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இன்னொரு வீட்டில் சாத்துவதில்லை, பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நீ எழுதின இருபத்தெட்டாம் தேதியைப் பற்றி நான் அங்கே வாய்திறக்கவில்லை. அது என்னுடையது இல்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. நீ வண்டியைத் திருப்பாததற்கும் என் வார்த்தைதான் காரணம். அதை நீ தனியாகச் சுமக்க வேண்டாம்.

அக்கா

20 செப்டம்பர்

அக்கா,

சுமப்பதைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அது என் முதுகு.

சான்றிதழை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பத்தொன்பது பேரும் வரிசையில் நின்று வாங்கினோம். பத்தொன்பது பேர் என்று எழுதிவிட்டேன், பார். பத்தொன்பது பேருக்காக நாங்கள் நின்றோம். 'கொள்ளைநோயால் ஏற்பட்ட மரணம்' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர், பட்டன் வைக்கிற பெண்ணின் அப்பா, காகிதத்தை என்னிடம் நீட்டி, "இதுல என்னப்பா போட்டிருக்கு, படி" என்றார். படித்தேன். "இதைத்தானே நாங்க முதல் சான்றிதழ் வாங்கினப்பவே சொன்னோம்" என்றார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இந்தக் கடிதத்தைக் கம்பெனி வேன் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் பக்கம் துணி மூட்டை ஏற்ற வருகிறார். தபாலில் போட்டால் நாலு நாள் ஆகும். போனை எடுத்தேன், உன் எண்ணைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிட்டேன்.

நேற்றிலிருந்து குட்டிக்குக் காய்ச்சல். கிளினிக் டாக்டர் சாதாரணக் காய்ச்சல் என்கிறார். அந்த வார்த்தையை இனி நான் நம்ப மாட்டேன். ரத்தம் எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். எடுத்திருக்கிறார்கள், நாளை மத்தியானம் தெரியும். எனக்கு நாளைக்கு லீவு இல்லை. லீவு இருந்தாலும், அவள் கேட்கிற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நீ வா.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. குழந்தையிடம் பேச ஆள் வேண்டும். தெரிந்ததைச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்.

தம்பி

24 செப்டம்பர்

தம்பிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நீ கட்டிக் கொடுத்த ரொட்டியை வழியிலேயே சாப்பிட்டுவிட்டேன்.

இரண்டு நாள் உன் வீட்டில் இருந்தும் நாம் பத்து வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டோம். துண்டு எங்கே இருக்கிறது, பால் பொங்கிவிட்டது, இதுமாதிரி. அதுவே எனக்குப் போதும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இருந்தது.

நீ வேலைக்குப் போயிருந்தபோது நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. எழுத்தில்தான் சொல்ல வருகிறது.

பத்து மணி இருக்கும். குட்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். திரும்பாமலே, "அத்தை, எனக்கும் அம்மாவுக்கு வந்ததுதானா?" என்று கேட்டாள்.

என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லடா கண்ணு." தயாராக இருந்தது. பதினோரு வருஷமும் என் நாக்கிலேயே உட்கார்ந்திருந்தது. அதை விழுங்கினேன்.

"தெரியல கண்ணு. ரத்தம் எடுத்திருக்காங்க. மத்தியானம் சொல்வாங்க" என்றேன்.

"டாக்டர் இல்லைன்னாரே."

"அவரு இல்லைன்னுதான் நினைக்கிறாரு. நிச்சயமாத் தெரிய இன்னும் மூணு மணி நேரம் ஆகும்."

"உங்களுக்குப் பயமா இருக்கா?"

"இருக்கு."

திரும்பி என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எனக்கும் இருக்கு" என்றாள். பிறகு போர்வையை நகர்த்தி இடம் விட்டாள். பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அவள் உடம்பு அனலாக இருந்தது. சிட்டுவைப் பற்றி நிறையக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் அம்மா அழுதாளா என்று கேட்டாள். நான் அங்கே இல்லை, அப்பாவுக்குத்தான் தெரியும் என்றேன். உன்னிடம் கேட்கலாமா என்று கேட்டாள். கேட்கலாம் என்று சொல்லிவிட்டேன். கேட்பாள். தயாராக இரு.

ஒரு மணிக்குக் கிளினிக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் அவளிடம் இருந்தாள். காகிதத்தை வாங்கி அங்கேயே நின்று படித்தேன். அந்த நோய் இல்லை என்று தெளிவாக இருந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சிட்டுவுக்காக நான் ஒரு தடவைகூட அழுததில்லை, உனக்குத் தெரியாது. ஏப்ரலிலிருந்து சேர்ந்தது எல்லாம் அந்தப் பெஞ்சில் வந்தது. யாரோ ஒரு அம்மா, எனக்கு ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

முடிவு தெரிந்த உடனே கம்பெனிக்குப் போன் செய்து சூப்பர்வைசரிடம் சொல்லச் சொல்லியிருந்தாய். நான் உடனே செய்யவில்லை. நேராக வீட்டுக்குப் போனேன். குட்டி எழுந்து உட்கார்ந்திருந்தாள். காகிதத்தை அவள் கையில் கொடுத்தேன். நான் சொல்கிறேன் என்றதற்கு, "வேணாம், நானே படிக்கிறேன்" என்றாள். எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வார்த்தையாக, கீழே இருந்த கையெழுத்து வரைக்கும் படித்தாள். புரியாத வார்த்தை வந்த இடத்தில் எல்லாம் நிறுத்தி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். ஒன்றைக்கூட விடவில்லை. நானும் ஒன்றையும் மழுப்பவில்லை. முழுக்கப் படித்து முடித்து, எனக்கு அது இல்லை என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் போனை எடுத்தேன்.

அதனால் உனக்குச் சேதி கால் மணி நேரம் தாமதமாக வந்தது. அந்தக் கால் மணி நேரமும் நீ மெஷின் முன்னால் எப்படி நின்றிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

அக்கா